அடுத்த மேசைக்குக் கேட்காத விசை

கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து பதிவாவதற்குச் சத்தமே தேவையில்லை. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. அதற்குள் இரண்டு சிறிய உலோக இதழ்கள். விசையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அழுத்தியதும் அவை ஒன்றையொன்று தொடுகின்றன. எந்த விசை என்ற செய்தி அந்தக் கணமே கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. அந்தத் தொடுகை காதில் விழாத அளவுக்கு மெல்லியது. ஆனால் விரல் அங்கே நிற்பதில்லை. இன்னும் 2 மில்லிமீட்டர் இறங்கி, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மோதும் அடித்தளம் வரை போகிறது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் விசையை மேலே தள்ளுகிறது. அங்கே இன்னொரு மோதல். பக்கத்து மேசைக்காரர் நாள் முழுக்கக் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு மோதல்களைத்தான். எழுத்து பதிந்த பிறகு எழும் சத்தம் இது. ஆகவே இதைக் குறைப்பதால் வேலைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

காரிமங்கலம் போன்ற ஓர் ஊரின் அலுவலகங்களை மனதில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய தாலுகா தலைநகரம் அது. இப்படிப்பட்ட ஊரில் கீபோர்டு ஓயாத இடங்கள் பல: தாலுகா அலுவலகம், இ-சேவை மையம், பத்திர எழுத்தரின் அறை, டிடிபி எடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடை, கூட்டுறவு வங்கி. பெரும்பாலும் ஒரே அறை, நாலைந்து மேசைகள், மேலே இரண்டு ஃபேன், எதிரே மனுவோடு காத்திருக்கும் மக்கள். ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விவரம் அடித்துக்கொண்டிருப்பார். அடுத்தவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்துங்கக்கா, லைன்ல மேடம் பேசறாங்க" என்பார். அந்த அக்கா கையை எடுப்பார். போன் வைத்ததும் மறுபடி தொடங்குவார். இந்த நிறுத்தங்களைக் குறைக்க நல்ல ஸ்விட்ச் உதவும். ஆனால் கடையில் "சைலண்ட்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தட்டச்சு இயந்திரத்தில் சத்தம்தான் வேலை. எழுத்துக் கம்பி போய் ரிப்பனையும் தாளையும் உருளையோடு சேர்த்து அடித்தால்தான் எழுத்து விழும். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா தமிழுக்கு வகுத்துத் தந்த தட்டச்சு அமைப்பும் அந்த அடியை நம்பியதுதான். கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கிய பிறகு தாலுகாக்கள் வரை அந்த ஓசை போய்ச் சேர்ந்தது. இன்றும் தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுக்காக ஆயிரக்கணக்கானோர் இன்ஸ்டிட்யூட்டுகளில் "யளனகபக" அடித்துப் பழகுகிறார்கள். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45 சொல். ஹையருக்கு 10 நிமிடத்தில் 2,250 அடிகள். நொடிக்கு ஏறக்குறைய நான்கு. இயந்திரத்தின் விசை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். இறங்குவதற்கு நல்ல வேகம் வேண்டும். மெல்ல அழுத்தினால் எழுத்து மங்கும், ஆசிரியர் திட்டுவார். எல்லா விரலும் சமமான அழுத்தத்தில் விழ வேண்டும் என்பது அங்கே முதல் பாடம்.

இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு ஸ்விட்ச் தேர்வதில் இது முக்கியமான செய்தி. வெளிநாட்டுக் கீபோர்டு ஆலோசனைகள் எதிலும் இது இருக்காது.

தட்டச்சு இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர்களின் விரல்கள் ஓர் அடையாளத்தைத் தேடின: "விழுந்துவிட்டது" என்று சொல்லும் ஓர் ஓசை, ஒரு சிறு தடை. ஐபிஎம் அதை வேண்டுமென்றே கொடுத்தது. 1981இல் வந்த அதன் பெர்சனல் கம்ப்யூட்டரின் கீபோர்டிலும், 1985இல் வந்த மாடல் எம் கீபோர்டிலும் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் சட்டென்று வளைந்து ஓசை எழுப்பும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் எம்எக்ஸ் என்ற ஸ்விட்ச் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் நீல நிறத் தண்டு கொண்டது "கிளிக்" என்று சொடுக்கும். நம் ஊரில் மெக்கானிக்கல் கீபோர்டு என்றாலே நினைவுக்கு வரும் டிவிஎஸ் கோல்டு இந்த நீல ஸ்விட்ச்சோடுதான் பல ஆண்டுகள் விற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு. வங்கி, டிடிபி கடை, பில் போடும் கவுன்டர் என்று எங்கும் அதைக் காணலாம். எழுத்து தேய்ந்து மறைந்த பிறகும் விசை வேலை செய்துகொண்டே இருக்கும். உழைப்பில் அதை மிஞ்சுவது கடினம். தட்டச்சு படித்த கைக்கு அது சொந்த வீடு போல இருந்தது. அதன் வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அது வந்த காலத்து அலுவலகம் வேறு. பக்கத்திலேயே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே கீபோர்டின் சொடுக்கு யார் காதிலும் விழாது. லேசர் பிரிண்டர் வந்தது. போனிலும் வீடியோ கான்ஃபரன்சிலும் பேசும் நேரம் கூடியது. அறை அமைதியானதும் கீபோர்டு தனியாகத் தெரியத் தொடங்கியது. கீபோர்டு மாறவில்லை, அதை மூடியிருந்த போர்வை போய்விட்டது.

நீல ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்தால் உள்ளே இருப்பவை: மேல்கூடு, கீழ்க்கூடு, நடுவே ஒரு ஸ்பிரிங், ஓரத்தில் உலோக இதழ்கள், ஏறி இறங்கும் தண்டு. நீலத்தில் மட்டும் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு சிறு சட்டை தனியே நழுவும். தண்டை விரல்நகத்தால் மெதுவாக இறக்கிப் பாருங்கள். சட்டை முதலில் தயங்கி நிற்கிறது, சுமார் 2.2 மில்லிமீட்டரில் உலோக இதழின் மேட்டைத் தாண்டியதும் துள்ளிப்போய்க் கீழே அடிக்கிறது. அதுதான் "கிளிக்". தண்டு முழுதாக இறங்கி 4 மில்லிமீட்டரில் கீழ்க்கூட்டில் மோதுவது இரண்டாவது ஓசை. திரும்பும்போது சட்டை எழுப்புவது மூன்றாவது, மேல்கூட்டில் முட்டுவது நான்காவது. ஹையர் வேகத்தில் அடிப்பவர் நொடிக்குப் பதினைந்து ஓசைகளை எழுப்புகிறார் என்று ஆகிறது.

சிவப்பு ஸ்விட்ச்சில் சட்டையும் இல்லை, மேடும் இல்லை. நேராக வழுக்கி இறங்கும். கடைக்காரர்கள் இதை லீனியர் என்பார்கள். பழுப்பில் சட்டை இல்லை, ஆனால் வழியில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு மேடு உண்டு; அது டாக்டைல். "ஆபீசுக்கா? பழுப்பு வாங்கிக்கோங்க சார், சத்தமே வராது" என்று சொல்பவர்கள் அநேகம் பேர். அது பாதி உண்மை. பழுப்பில் சொடுக்கு இல்லை. அடியில் மோதுவதும் மேலே முட்டுவதும் அப்படியேதான் இருக்கின்றன. வேகமாக அடிக்கும் கைக்குக் கீழே பழுப்பு ஒன்றும் அமைதியான பிராணி இல்லை.

மோதல் ஓசையின் தன்மையை முடிவு செய்வது மோதல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான். மரத்திலிருந்து பாறையில் விழும் தேங்காயும் வைக்கோல் போரில் விழும் தேங்காயும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன. பாறையில் அது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது. வைக்கோலில் அமிழ்ந்து அமிழ்ந்து நிற்கிறது. நிற்க எடுக்கும் நேரம் கூடினால் மோதலின் வலு குறைகிறது. இது பள்ளிக்கூடத்து இயற்பியல். ஓசையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மோதல் குறுகக் குறுக, அதில் பிறக்கும் அதிர்வெண்கள் மேலே மேலே பரவும். அரை மில்லிநொடியில் முடியும் மோதல் 2,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் பரவும் என்று வைத்துக்கொண்டால், அதையே 3 மில்லிநொடிக்கு நீட்டும்போது பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். "டக்" என்பது "தப்" ஆகிறது.

"டக்"கைவிட "தப்" நல்லது என்பதற்குக் காரணம் நம் காதிலேயே இருக்கிறது. வெளிக்காதின் துளை சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசையைத் தானே பெருக்கிக் கொடுக்கும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். சொற்களின் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் பகுதியும் பெரும்பாலும் அதுவே. கீபோர்டின் "டக்" நேரே அங்கே போய் விழுகிறது. அதனால்தான் சொடுக்கும் கீபோர்டுக்கு அருகே போனில் பேசும்போது குரல் கேட்டும் சொல் பிடிபடாமல் போகிறது.

மேலே சுற்றும் ஃபேனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபேன் இரைச்சலின் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ஓர் ஓசை இன்னொன்றை மறைப்பது, இரண்டும் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்ணில் இருக்கும்போதுதான் நன்றாக நடக்கும். ஆகவே சித்திரை வெயிலில் முழு வேகத்தில் ஃபேன் ஓடும் தாலுகா அலுவலகத்தில் "தப்" மறைந்துவிடும். "டக்" துருத்திக்கொண்டு கேட்கும். ஏசி போட்டுக் கதவை அடைத்த வங்கி அறையில் நிலைமை வேறு. அங்கே "தப்"பும் கேட்கும். ஃபேன் அறைக்கு உயர்ந்த ஓசைகளை ஒழித்தாலே போதும். ஏசி அறைக்குத்தான் முழுதாக மெத்தை வைத்த ஸ்விட்ச் அவசியம். நம் ஊர் அலுவலகத்துக்கு வெளிநாட்டு அளவுகோலைப் பிடித்தால் தேவைக்கு மேல் செலவழிப்போம்.

சைலண்ட் ஸ்விட்ச் என்று உண்மையாகச் சொல்லத் தக்கது, தண்டிலேயே ரப்பர் போன்ற மென்மையான பொருள் ஒட்டிய ஸ்விட்ச். தண்டின் இரு பக்கங்களிலும், மேலும் கீழும், சிறு துண்டுகளாக அது இருக்கும். இறங்கும்போது கீழ்த்துண்டு கூட்டில் பட்டு அமுங்குகிறது. ஏறும்போது மேல்துண்டு அமுங்குகிறது. செர்ரியின் சைலண்ட் ரெட் ஸ்விட்ச்சில் இந்த மெத்தைகளுக்காக ஓட்டத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தார்கள்: மொத்தம் 4 மில்லிமீட்டருக்குப் பதில் 3.7, எழுத்து பதிவது 2 மில்லிமீட்டருக்குப் பதில் 1.9. அழுத்தம் சாதாரண சிவப்பைப் போலவே சுமார் 45 கிராம் எடைக்குச் சமம். விசையின் தொப்பிக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டும் பழைய உத்தியும் உண்டு. அது கீழ் மோதலை மட்டும் தணிக்கும். மேல் மோதலைத் தொடாது, நீலத்தின் சொடுக்கையும் தொடாது. நீலக் கீபோர்டுக்கு வளையம் வாங்கிப் போடுவதில் பயனில்லை.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு சீனத்தின் கேட்டரான், கைல், அவுட்டெமு போன்றோர் அதே அளவில் ஸ்விட்ச் செய்யத் தொடங்கினார்கள். சைலண்ட் ரகங்கள் பெருகின, விலையும் இறங்கியது. அவுட்டெமுவின் சைலண்ட் பீச் லீனியர், சைலண்ட் லெமன் டாக்டைல். அதே ஆலையில் உருவாகும் போபா யூ4 நல்ல அழுத்தமான மேடு கொண்ட சைலண்ட் டாக்டைல். 62 கிராம், 68 கிராம் என இரு ஸ்பிரிங்குகளில் வந்தது. ஜப்பானின் டோப்ரே முற்றிலும் வேறு வழியில், ரப்பர் குமிழும் ஸ்பிரிங்கும் சேர்த்து, தொடுகையே இல்லாமல் மின்தேக்கு மாற்றத்தைக் கொண்டு எழுத்தைப் பதிவு செய்கிறது. அருமையான பொருள், ஆனால் விலையைப் பார்த்தால் தாலுகா அலுவலகத்துக்கு ஒத்து வராது. நிறத்தை வைத்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் சிவப்பும் மற்றொன்றின் சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை.

இனி விரலுக்கு வருவோம். கிளிக் வெறும் இரைச்சல் என்று சொல்வது தட்டச்சருக்கு அநியாயம். அது அவருக்குச் செய்தி. "இந்த அடி விழுந்தது, அடுத்ததற்குப் போ" என்று காது விரலுக்குச் சொல்கிறது. அதைப் பறித்துவிட்டு வேறெதையும் தராவிட்டால் விரல் சந்தேகப்படும். சந்தேகத்தில் இன்னும் ஓங்கி அடிக்கும். ஹையர் முடித்துப் பல ஆண்டுகள் சர்வீஸ் போட்ட ஒருவரிடம் 45 கிராம் சைலண்ட் லீனியரைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். இன்ஸ்டிட்யூட் இயந்திரத்தின் கனமான விசைக்குப் பழகிய விரல், மென்மையான ஸ்பிரிங்கைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய் விழும். மெத்தை ஓரளவு தாங்கும். மீதி மேசைக்கு இறங்கும். விரல் நுனிக்கும் மணிக்கட்டுக்கும் அது நல்லதல்ல.

ஆகவே என் தீர்ப்பு: தட்டச்சு முறையாகப் படித்தவர்களுக்கு சைலண்ட் டாக்டைல், 60 கிராமை ஒட்டிய ஸ்பிரிங். காது இழந்த செய்தியை விரல் நுனி அந்த மேட்டில் பெற்றுக்கொள்கிறது. கனமான ஸ்பிரிங் வேகத்தை அடிக்கு முன்பே கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. தட்டச்சு படிக்காமல் நேரே போனிலும் கம்ப்யூட்டரிலும் பழகிய இளைஞர்களின் கை பொதுவாக இலகுவானது. அவர்களுக்கு 45 கிராம் லீனியர் போதும். பார்வையற்ற ஊழியர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் காதால் கேட்டு வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் சைலண்ட் டாக்டைல்தான் பொருத்தம். கீபோர்டு வாயை மூடினால் மென்பொருளின் குரல் தெளிவாகக் கேட்கும். மேடு விரலுக்கு உறுதி தரும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஸ்விட்ச் என்று மொத்தமாக ஆர்டர் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சாதாரண மெம்பிரேன் கீபோர்டு விலை குறைவு, சத்தமும் குறைவுதானே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? நியாயமான கேள்வி. நாளைக்கு நாலு கடிதம் அடிப்பவருக்கு அதுவே போதும். ஆனால் அதில் ரப்பர் குமிழ் முழுவதும் நசுங்கி அடி தொட்டால்தான் எழுத்து விழும். நாள் முழுக்க அடிப்பவரின் விரல் ஒவ்வோர் எழுத்துக்கும் அடி வரை போயாக வேண்டும். ரப்பரும் சீக்கிரம் தளரும். ஒரு விசை போனால் பெரும்பாலும் மொத்தக் கீபோர்டும் குப்பைக்குப் போகிறது. மெக்கானிக்கலில் ஒரு ஸ்விட்ச் போனால் ஒரு ஸ்விட்ச்தான்.

நல்ல சைலண்ட் ஸ்விட்ச் வாங்கியும் சத்தம் குறையவில்லை என்று சொல்பவர்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பேஸ், என்டர், ஷிப்ட், பேக்ஸ்பேஸ் ஆகிய நீள விசைகள் ஒரு பக்கம் சாயாமல் இறங்க, அவற்றுக்கு அடியில் வளைந்த கம்பி ஒன்று ஓடும். அந்தக் கம்பியின் முனை பிளாஸ்டிக் காதில் தளர்வாக ஆடினால் ஒவ்வோர் அடிக்கும் கிணுகிணுக்கும். ஸ்விட்ச்சின் மெத்தை இதற்கு எதுவும் செய்யாது. கம்பி முனையில் துளி சிலிகோன் கிரீஸ் வைத்தால் ஆட்டம் அடங்கும். தமிழ் அடிப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பழைய தட்டச்சு அமைப்பில் ஷிப்டின் வேலை அதிகம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருக்கும். ஷிப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்குத்தான். "தமிழ்" என்று அடிக்க ஐந்து அடிகள், ஒன்றில்கூட ஷிப்ட் இல்லை. நீள விசைகளை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு அமைதி.

அடுத்து மேசை. இரும்பு மேசையின் மெல்லிய தகடு கீபோர்டின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கி அறைக்குக் கொடுக்கும். வீடியோ கான்ஃபரன்சில் அதே மேசையில் மைக் இருந்தால் எதிர்முனையில் இடி இடிக்கும். கீபோர்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். கிடைக்காவிட்டால் நான்காக மடித்த பழைய துண்டு போதும். அதைவிட மலிவான ஓசைத் தடுப்பு எனக்குத் தெரியாது.

பிறகு அறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், எதிரொலியால் பேச்சே புரியாமல் போன ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்ய 1890களில் அமர்த்தப்பட்டார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் தூக்கிவந்து அடுக்கி, ஓசை தேய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். அதிலிருந்து ஒரு சூத்திரம் பிறந்தது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் தேய்வதற்கான நொடிகள் கிடைக்கும். உறிஞ்சும் பரப்புக்கு அவர் வைத்த அலகு அழகானது: திறந்த ஜன்னல். வெளியே போன ஓசை திரும்பாது. ஆகவே திறந்த ஜன்னல் முழு உறிஞ்சி.

நம் ஊர் அறையைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், அகலம் 5, உயரம் 3. கன அளவு 90 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 126 சதுரமீட்டர். பெயின்ட் அடித்த சிமென்ட்டும் டைல்ஸும் தம்மேல் படும் ஓசையில் சுமார் 2 சதவீதத்தைத்தான் விழுங்கும். அதாவது இரண்டரை சதுரமீட்டர் ஜன்னலுக்குச் சமம். காலி அறையில் ஓசை தேய ஐந்தே முக்கால் நொடி ஆகும். 1.2 மீட்டர் சதுர ஜன்னல்கள் இரண்டைத் திறந்தால் அது 2.7 நொடிக்குக் குறைகிறது, பாதிக்கும் கீழே. ஆட்களும் மர அலமாரியும் துணி சுற்றிய கோப்புக் கட்டுகளும் இருந்தால் இன்னும் குறையும். நெடுஞ்சாலையைப் பார்த்த ஜன்னல் என்றால் லாரி இரைச்சல் உள்ளே வரும், அது வேறு விஷயம். சாலைக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பது எந்த ஸ்விட்ச்சையும்விட மலிவான வழி.

டெசிபல் கணக்கில் அலுவலக மேலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டெசிபல்களை நேராகக் கூட்ட முடியாது. ஆற்றல் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். உதாரணத்துக்கு, நான்கு மேசை அறையில் ஒரு கீபோர்டு 60 டெசிபல், மற்ற மூன்றும் தலா 45 என்று வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்தால் 60.4. அந்த மூன்றையும் தூக்கி வெளியே வைத்தாலும் 60தான். வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது. சத்தமான அந்த ஒன்றை மட்டும் 45ஆக மாற்றினால் மொத்தம் 51க்கு இறங்கிவிடும். பட்ஜெட் குறைவாக இருந்தால் அறையிலேயே அதிகம் சத்தமிடும் ஒரே ஒரு கீபோர்டை மாற்றுங்கள். அதில்தான் பணம் பேசும்.

சத்தம் அமைதியை மட்டும் கெடுப்பதில்லை, ரகசியத்தையும் சொல்லிவிடும். ஒவ்வொரு விசையும் கீபோர்டுத் தகட்டில் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒவ்வொன்றின் ஓசையும் நூலிழை வேறுபடும். ஐபிஎம் ஆய்வாளர்களான டிமித்ரி அசோனோவும் ராகேஷ் அகர்வாலும் 2004இல், அந்த ஓசையைக் கேட்டே எந்த விசை என்று கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியும் எனக் காட்டினார்கள். 2023இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்த செல்போனால் மடிக்கணினியின் தட்டல்களைப் பதிவு செய்து, 95 சதவீத விசைகளைச் சரியாக அடையாளம் கண்டார்கள். கவுன்டருக்கு எதிரே போனை மேசைமேல் வைத்துவிட்டு நிற்பது நம் ஊரில் சாதாரணம். உள்ளே அதிகாரியின் பாஸ்வேர்டு அடிபடுகிறது. ஓசை தணிந்த ஸ்விட்ச் இதற்கு முழுக் காப்பு ஆகாது; திருடுபவரின் வேலையைக் கடினமாக்கும், அவ்வளவுதான்.

வாங்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். ஸ்விட்ச்சைக் கையால் பிடுங்கி மாற்றத் தக்க ஹாட்ஸ்வாப் வகைக் கீபோர்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் பிடிக்காத ஸ்விட்ச்சை மாற்றலாம், ஷிப்டுக்கு ஒன்று எண்களுக்கு ஒன்று என்றுகூட வைக்கலாம். சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த வகை என்றால் ரேடியோ மெக்கானிக்கின் உதவி வேண்டும். ஐந்து கால் ஸ்விட்ச் மூன்று கால் துளையில் இறங்காவிட்டால் கவலை வேண்டாம், இரண்டு பிளாஸ்டிக் கால்களை நறுக்கிவிடலாம். எண் பகுதி இல்லாத சின்னக் கீபோர்டுகள் பார்க்க அழகு. சர்வே எண்ணும் ஆதாரின் 12 இலக்கமும் நாள் முழுக்க அடிக்கும் மேசைக்கு அவை உதவாது. வலப்பக்க எண்களோடு முழு அளவுதான் வேண்டும்.

சோதிக்கும் முறையும் எளிது. ஒரு விசையை அடி வரை மெதுவாக அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். அப்போது கேட்பது மேல் மோதல் மட்டும்; மெத்தை இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு ஸ்பேஸ் பாரின் இரு ஓரங்களையும் தட்டுங்கள். செல்போன் டெசிபல் செயலி தரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே போன், ஒரே இடம் என்றால் இரு கீபோர்டுகளை ஒப்பிடலாம். சராசரியைப் பார்க்காமல் உச்ச அளவைப் பாருங்கள், நொடியில் மறையும் சொடுக்கு சராசரியில் காணாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் அடிக்காதீர்கள். வேறொருவரை அடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். சத்தத்தை அனுபவிக்கப்போவது அந்த நாற்காலிதான்.

அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து கீபோர்டுக்கு ஒரே நாளில் ஆர்டர் போடாதீர்கள். முதலில் ஒன்று வாங்கி, அறையிலேயே வேகமாக அடிக்கும் மூத்த தட்டச்சரிடம் ஒரு வாரம் கொடுங்கள். அவர் கை ஒத்துக்கொள்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். போன் பேச முடிகிறதா என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள். இருவரும் சரி என்று சொன்ன பிறகு மீதி ஒன்பதை வாங்குங்கள்.